சின்னக் கிரகணம்

மாடியில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டார் மங்கித் தெளிந்ததை, வாசலில் நின்றிருந்த ஹெப்சி மூன்றாம் முறையாகப் பார்த்தாள். விளக்கு அணையவில்லை. சிவப்புக் காகிதத்தின் ஓர் ஓரம் கறுத்து, அந்தக் கறுப்பு அவசரமே இல்லாமல் மறு ஓரத்துக்கு நகர்ந்து போயிற்று.

செம்பாக்கம் ஏரியின் பாசி வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. தெருமுனையில் சபையாரின் கேரல் பாட்டும் டிரம் சத்தமும் நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தன. ஹெப்சி வயிற்றில் கை வைத்தாள். ஏழாம் மாதம். மத்தியானத்திலிருந்து குழந்தை அசையவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு அது.

காலையில்தான் வகுப்பில் பாடம் நடத்தியிருந்தாள். தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் கண்ணுக்குத் தெரியாது; அது குறுக்கே போகையில் வெளிச்சம் துளி குறையும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்; அங்கே தண்ணீர் இருக்கலாம், இதமான சூடு இருக்கலாம், உயிர் தங்கலாம். "அதுவும் ஒரு சின்னக் கிரகணம்தான்" என்று முடித்திருந்தாள்.

சாயங்காலம் இதைக் கேட்ட கீழ்வீட்டு சுந்தரவல்லி முகம் சுளித்தாள். "கிரகணத்துல சின்னது இன்னா, பெருசு இன்னா? வயித்துப்புள்ளக்காரி வெளியே நிக்காத டீச்சர்."

"நாங்க அதெல்லாம் பாக்குறதில்லக்கா" என்று ஹெப்சி சிரித்திருந்தாள்.

மறுபடி மங்கியது. கறுப்பு இப்போது பெரிதாக இருந்தது.

"என்னங்க! ஸ்டார்ல லூஸ் கான்டாக்ட் போல."

மாடியிலிருந்து ஆரோன் எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான எரியுது. என் மூஞ்சியே செவந்து கெடக்கு பாரு. கேரல்ஸ் போனதும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிடலாம், பயப்படாத."

அவன் முகம் சிவந்துதான் இருந்தது. ஸ்டார் மட்டும் அவளுக்குப் பாதி இருட்டு.

அப்படியானால் மங்குவது விளக்கல்ல. விளக்குக்கும் அவளுக்கும் நடுவில். ஏதோ.

அது பெரிதாகவில்லை. பக்கத்தில் வருகிறது.

பாட்டு நின்றது. ஏரி வாடையும் இல்லை. வேறு ஏதோ மண்ணின் மழைவாசம்.

பிறகு ஸ்டார் முழுசாக எரிந்தது. காத்திருந்தாள். மங்கவே இல்லை.

"சரியாயிடுச்சா?"

"ம்."

மூச்சு விட்டுக் குனிந்தாள். வெள்ளை நைட்டியில், வயிற்றின் வளைவில், சிவப்பு வெளிச்சம். அதில் ஒரு கருவட்டம். இடமிருந்து வலமாக. நிதானமாக.

கையைக் குறுக்கே வைத்தாள். கையில் நிழல் விழவில்லை. வட்டம் கைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது.

உள்ளே, மத்தியானத்திலிருந்து அசையாத குழந்தை, அதன் பின்னாலேயே மெல்லத் திரும்பியது.