உயிரோடு இருக்கும் குரலுக்குக் கண்ணீர் அஞ்சலி!

செல்போன் அலறியது.

பீளமேடு லேடீஸ் ஹாஸ்டல். காலை ஆறரை மணி. அன்புச்செல்வி போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி எடுத்தாள்.

"கண்ணு... நியூஸ் பாத்தியா?"

சோமனூரிலிருந்து அப்பா பிரான்சிஸ். குரல் உடைந்திருந்தது.

"இல்லீங்கப்பா. என்னாச்சுங்க?"

"ரித்திகா செத்துப்போச்சாமா! நம்ம 'மேடையேறும் மைதிலி' புள்ள! பொள்ளாச்சி ஷூட்டிங்ல கேரவனுக்குள்ள பொணமாக் கெடந்துச்சாம். தூக்க மாத்திரைன்னு சொல்றாங்க..."

அன்புச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்கம்மா அடுப்பே பத்த வெக்கல கண்ணு. எப்பேர்ப்பட்ட கொரலு! இனி அந்தக் கொரலை எங்க போய்க் கேக்கறது?"

"அப்பா..."

"நீயுந்தான் சர்ச்சுல பாடுவ. தப்பா நெனைக்காத... ஆனா அந்தக் கொரலு உனக்கு வராது சாமி."

அட, என்ன கொடுமை இது!

அந்தக் குரலே அவளுடையதுதான்!

'மேடையேறும் மைதிலி' டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த தொடர். ஒன்றுமில்லாத வீட்டுப் பெண் ஒருத்தி பாடிப் பாடியே புகழின் உச்சிக்குப் போகிற கதை. தமிழ்நாட்டு காலேஜ் பிள்ளைகள் மொத்தமும் அதில் கிறுக்குப் பிடித்துக் கிடந்தார்கள். திரையில் உதட்டை அசைத்தது ரித்திகா. பாடியது அன்புச்செல்வி. அது போக டீச்சர், நர்ஸ், டீக்கடைக்காரி என்று தொடரின் சில்லறைக் குரல்களுக்கும் அவள்தான் டப்பிங்.

டைட்டிலில் பெயர் கிடையாது.

ரித்திகாவே பாடுகிறாள் என்று சொல்லித்தான் தயாரிப்பாளர் கிருபாசங்கர் சிங்கப்பூர், துபாய் கச்சேரிகளை விற்றிருந்தார். வெளியே மூச்சு விட்டால் கேஸ் போடுவேன் என்று அன்புச்செல்வியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். பெற்றவர்களிடம்கூட கால்சென்டர் வேலை என்றே சொல்லியிருந்தாள்.

உலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தோழி ஒருத்திதான். அந்த ரித்திகா போன வாரம்தான் சொன்னாள்.

"அன்பு, சீரியல் நிறைவு விழா மேடையில உன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தப் போறேன். 'நெஜ மைதிலி இவதான்'னு சொல்லப் போறேன்."

"ஐயோ, வேண்டாங்க. சார் கொன்னுபோடுவாரு."

"அவர்கிட்டயே சொல்லியாச்சு. நீ நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வை."

இப்போது ரித்திகா இல்லை. இனி 'அன்பு' என்று கூப்பிட ஆளே இல்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் அழுதாள்... அன்புச்செல்வி பாடிய பாட்டைப் போனில் ஓடவிட்டபடி!

●

மூன்றாம் நாள், பிற்பகல்.

ராம்நகர் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லி கிருபாசங்கர் கூப்பிட்டிருந்தார். ரித்திகாவுக்கு அஞ்சலிப் பாட்டு. ரித்திகா சாவதற்கு முன் பாடி வைத்ததாகச் சொல்லி வெளியிடப் போகிறார்களாம்.

காந்திபுரம் சிக்னலில் ஆட்டோ நின்றது. பெரிய பிளக்ஸ். சிரிக்கும் ரித்திகா. கீழே 'குரலரசிக்குக் கண்ணீர் அஞ்சலி!'

டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

"கேளுங்க அம்மணி! இப்பிடிப் பாடறதுக்கு இனி ஆருங்க பொறந்து வரோணும்?"

"தெரியலீங்க," என்றாள். 'நான் இங்கதாங்க இருக்கேன்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்?

ஸ்டுடியோ வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாடும் அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அவளும் ஒரு மைக்கும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிருபாசங்கரும் சவுண்ட் இன்ஜினியர் தீபக்கும். இசையமைப்பாளர் பாலகோபால் கால் உடைந்து பொள்ளாச்சி வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். மைக்கிலிருந்து நேராக அவர் காதுக்கு இணையத்தில் ஒரு லைன்.

"ஏம்மா ட்ராக்கு, ஆரம்பி!" ஹெட்போனில் அவர் குரல் எரிந்து விழுந்தது. இரண்டு வருஷமாக அவருக்கு அவள் வெறும் 'ட்ராக்கு'தான், அடுத்தவருக்காகப் பாடிக் கொடுக்கும் பெயரில்லாத குரல். "அழுமூஞ்சியாப் பாடாத. சுதி முக்கியம்!"

பாடினாள். ரித்திகாவை நினைத்துப் பாடினாள். கடைசி வரியில் கண்ணீர் வழிந்தது.



கிருபாசங்கர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைப்பது தெரிந்தது. பேச்சு பட்டனையும் அணைத்தார். தீபக்கின் பக்கம் குனிந்தார்.

அந்தப்பக்கத்துச் சத்தம் இனி இவளுக்குக் கேட்காது. இவள் சத்தம் அவர்களுக்குக் கேட்காது.

ஆனால்...

அன்புச்செல்வி தறிக் குடோனில் வளர்ந்தவள். பதினாறு விசைத்தறி தடதடக்கும் இடத்தில் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். 'சோறு தின்னியா'விலிருந்து சண்டை வரைக்கும் எல்லாமே சத்தமில்லாத வாயசைப்புத்தான். அந்தப் பழக்கத்தில்தான் டப்பிங்கில் அவள் புலி.

கிருபாசங்கரின் உதடு அசைந்தது.

"தீபக் தம்பி... பிளாஸ்க்குல மிளகுப் பால் இருக்குதுங்க. பாட்டு முடிஞ்சதும் அந்தப் புள்ளைக்குக் குடுத்துருங்க."

"சார்... வேண்டாங்க சார். ரித்திகா மேடத்தோட போகட்டுங்க."

"ரித்திகாவுக்கு இளநீர்ல கலந்தோம். இதுக்குப் பால்ல. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

கோயமுத்தூர்க்காரர். கொலைக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசினார்!



கதவு அந்தப்பக்கம். போனும் அந்தப்பக்கம். கத்தினாலும் கண்ணாடியைத் தாண்டாது. அவளிடம் இருந்தது மைக் ஒன்றுதான்.

மைக்!

அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரெக்கார்டிங் ஓடுகிறது... பயத்தில் தீபக் நிறுத்த மறந்திருந்தான். பொள்ளாச்சி லைனும் அப்படியே இருந்தது!

பாட்டுத் தாளைப் படிப்பதுபோல் மைக்குக்குப் பின்னால் முகத்தைப் பாதி மறைத்தாள். கண் மட்டும் கண்ணாடியில். அவர்கள் உதடு அசைய அசைய, டப்பிங் பேச ஆரம்பித்தாள்.

"தீபக் பேசறாருங்க... 'இவங்க என்ன சார் தப்புப் பண்ணாங்க?' இப்ப கிருபாசங்கர் சாருங்க... 'ரித்திகா மேடையில உண்மையச் சொல்றேன்னா, போய்ச்சேந்தா. செத்த பொறவுதான் அந்தக் கொரலுக்கு மவுசு. இவ வாயைத் தொறந்தா எல்லாம் போச்சுங்க.'"

அவள் விடவில்லை.

"தீபக்... 'போலீஸ் தேடாதுங்களா?' கிருபாசங்கர்... 'ஆரைத் தேடறது? இவளுக்குத்தான் பேரே இல்லியே! ரித்திகா போன சோகத்துல ஒரு ரசிகை மாத்திரை முழுங்கிட்டான்னு எழுதிக்குவாங்க.'"

தன் குரலுக்கே ரசிகையாகச் சாக வேண்டுமாம்!

"பாலகோபால் சார்... இது பாட்டு இல்லீங்க. ரித்திகாவைக் கொன்ன மாதிரியே, பால்ல மாத்திரை கலந்து என்னையும் கொல்லப் போறாங்க. பாட்டு முடிஞ்சா நானும் முடிஞ்சேனுங்க..."

ஹெட்போனில் சத்தமே இல்லை.

பத்து வினாடி.

இருபது வினாடி...

கிருபாசங்கர் ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டார். "என்னங்க பாலகோபால் சார், டேக் ஓகேங்களா?"

"ஓகேயா? தூ!" வெடித்தார் பாலகோபால். "கேவலமா இருக்குது. திரும்பப் பாடச் சொல்லுங்க!"

அவர் கேட்கவில்லை. லைன் கட்டாகி இருந்திருக்கும். அல்லது... கேட்டும் கேளாதவர் மாதிரி இருக்கிறார்!

பாடினாள்.

"சுதி சேரல. திரும்ப!"

பாடினாள்.

"உசிரே இல்ல. திரும்ப!"

ஏழாவது டேக். பத்தாவது டேக். அவளுக்கு முழுப்பாட்டும் அப்பழுக்கில்லாமல் வந்துகொண்டிருந்தது. சாகப்போகிற நேரத்தில் ஒருவர்கூட நன்றாகப் பாடினாய் என்று சொல்ல மாட்டார்களா?

"ஏம்மா!" பன்னிரண்டாவது டேக்கில் பாலகோபால் கத்தினார். "உன்ற பேரென்ன?"

திகைத்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை!

"அ... அன்புச்செல்விங்க."

"அப்பன் பேரு? ஊரு? எல்லாத்தையும் சத்தமாச் சொல்லு! இனி அந்த ஊர்ப் பக்கமே நான் தலைவெச்சுப் படுக்கக் கூடாது!"

"பிரான்சிஸுங்க... சோமனூருங்க..."

கிருபாசங்கர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். அன்புச்செல்வி அழுதே விட்டாள்.

பத்தொன்பதாவது டேக். அவள் குரல் கம்மிவிட்டது.

"சார், போதுமுங்க. நேரமாச்சு." கிருபாசங்கர் எழுந்தார். "இருக்கிறதை வெச்சு ஒட்டிக்கலாம்."

பிளாஸ்க்கைத் திறந்தார். டம்ளரில் பால் ஊற்றினார். பாடும் அறைக் கதவை நோக்கி வந்தார்.

ஒரு அடி... இரண்டு அடி...

அவருக்குப் பின்னால் கன்ட்ரோல் ரூம் கதவு திறந்தது!

காக்கி!

சத்தமில்லாத படம்போல எல்லாம் கண்ணாடியில் ஓடியது. இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா முன்னால். பின்னால் நாலு போலீஸ்.

"பாலுங்களா சார்?" இன்ஸ்பெக்டரின் உதடு சிரித்தது. "நீங்களே ஒரு வாய் குடிங்க, பாக்கலாம்."

கிருபாசங்கர் டம்ளரைக் கீழே கொட்டப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் அதைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் பிளாஸ்க்கை எடுத்தார். தீபக் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது ஹெட்போனில்...

"கண்ணு... அன்புச்செல்வி..."

பாலகோபாலா இது? எரிந்து விழுந்த குரல் தழுதழுத்துக்கொண்டிருந்தது.

"மொத டேக்கே ஓகே சாமி. என்ற சர்வீஸ்ல அப்பிடி ஒரு டேக் கேட்டதில்ல. போலீஸ் வர்ற வரைக்கும் உன்னை உள்ளயே வெச்சிருக்கோணும். திட்டறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல."

"சார்... கேட்டுச்சுங்களா?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. இன்னொரு போன்ல ஸ்டேசனுக்குச் சொன்னேன். 'ஆபத்துல இருக்கிற பொண்ணு பேரென்னங்க?'ன்னு கேட்டாங்க... எனக்குத் தெரியல கண்ணு! ரெண்டு வருசமா உன்ற பாட்டுல சோறு தின்னுபோட்டு, பேரு தெரியல! செத்துப்போலாம்னு இருந்துச்சு."

தேம்பித் தேம்பி அழுதாள். இந்த மூன்று நாளில் அவள் அழுகையை ஒருவர் கேட்டது இப்போதுதான்.

கதவைத் திறந்து அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார் சண்முகப்ரியா. "உங்க உதட்டைப் பாத்து அம்மணி சொன்னதெல்லாம் ரெக்கார்டாயிருக்குதுங்க," என்றார் கிருபாசங்கரிடம்.

"பொய்யிங்க!" கிருபாசங்கர் கத்தினார். "கண்ணாடியைத் தாண்டி ஒண்ணுமே கேக்காது! இவ கற்பனையாப் பேசியிருக்கா!"

இன்ஸ்பெக்டர் சுவரின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் கேமரா.

"உங்க கேமராவுல படம் இருக்குதுங்க, சத்தம் இல்ல. அம்மணி ரெக்கார்டிங்குல சத்தம் இருக்குது, படம் இல்ல. ரெண்டையும் ஒட்டினா உதடு கச்சிதமா உக்காருதான்னு கோர்ட்டே பாத்துக்கும். பால் லேபுக்குப் போகுது. மிச்சத்தை..." கீழே உட்கார்ந்திருந்த தீபக்கைப் பார்த்தார். "தம்பி சொல்லும்."

தீபக் அழுதுகொண்டே தலையாட்டினான்.

கிருபாசங்கரின் முகம் கோணிக்கொண்டது. இத்தனை நாள் காத்த மரியாதை காற்றில் போனது.

"ஏய்! உன் பேச்சை எவன்டி நம்புவான்? நான் நம்பர் ஒன் புரொடியூசர்! நீ ஆரு? எங்கயாச்சும், எதுலயாச்சும் உன் பேரு இருக்குதா?"

அன்புச்செல்வி கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்து நின்றாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சண்முகப்ரியா விலங்கைப் பூட்டிவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

"இருக்குதுங்க சார். சாட்சி நம்பர் ஒன், அன்புச்செல்வி. உங்க நம்பரையும் நாங்க மாத்தலீங்க... நீங்க குற்றவாளி நம்பர் ஒன்!"