மரம் விடாத மூச்சு

திரையில் கோடு ஏறியது, இறங்கியது, சற்று நின்று மறுபடி ஏறியது.

வாய்வரை கொண்டுபோன காபிக் கோப்பையை சிர்க்கு அப்படியே நிறுத்தினாள். நவம்பரில் பின்லாந்துக் காட்டுப் பைன் மரங்கள் தூக்கத்தில் இருக்கும்; கிளையை மூடிய கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றில் பிசின் வாசனை வாயுக்கள்கூடப் பெயருக்குத்தான் இருக்கும். இந்தக் கோடோ ஐசோப்ரீன் என்ற வாயுவுடையது. பைன் மரம் அதை விடுவது அபூர்வம். மனிதர்கள் ஒவ்வொரு மூச்சிலும் விடுகிறார்கள். அதனாலேயே இங்கே பெட்டிக்குப் பக்கத்தில் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், திரும்பி வந்ததும் சொல்லிவிடுவார்கள், அந்த நேரத்து அளவுகளைக் கெட்டுப்போனவை என்று அழித்துவிடுவது வழக்கம்.

இப்போது வெளியே யாரும் இல்லை. மரங்களின் வாயுக்களை அளக்கும் இந்த ஆய்வுக் குடிசையில் அவளும் உடன் வேலை செய்யும் அவுலிஸும்தான். பிற்பகலிலேயே சன்னல் கறுத்துவிட்டது. பம்பு உறும, சூடான தூசியும் ஏலக்காய் பன்னும் கலந்து மணக்க, கூரையில் ஈரப்பனி சரிந்து விழும் சத்தம் அவ்வப்போது யாரோ கால் மாற்றி நிற்பதுபோல் கேட்டது.

"அவுலிஸ், மூணாவது மரத்துகிட்ட யாரோ மூச்சு விடுறாங்க."

"வேட்டைக்காரன் எவனாவது மான் கிடைக்காத கடுப்புல கொட்டாவி விட்டிருப்பான்."

சிரித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டினான். கண்கள் திரையைப் பார்க்கவே இல்லை. விரல்கள் தாமாகவே அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அழித்தன. பழகிப்போன விரல்கள்.

சிர்க்கு கோப்பையை மேசையில் வைத்தாள்.

"எத்தனை நாளா இத அழிக்கிற?"

அவன் சிரிப்பு நின்றது.

போன நவம்பரில் அவள் கணவன் தானெலி அந்த மரத்துப் பெட்டியைச் சரிசெய்யப் போனான். திரும்பவில்லை. அவன் ஏரிப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன் என்றான் அவுலிஸ். ஏரியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். இவன் தோளில் சாய்ந்துதான் அவள் அழுதாள். நீ அங்கே போய்க் கஷ்டப்பட வேண்டாம், அந்த மரத்தை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவன் சொன்னபோது நன்றியில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ஏரிக்குப் போகல." அவுலிஸ் தரையைப் பார்த்துப் பேசினான். "மரத்துல சாஞ்சு நின்னான். முதுகு உள்ள போயிருந்துச்சு. பட்டை மூடிக்கிட்டே வந்துச்சு. பயந்து ஓடி வந்துட்டேன். சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்பியிருப்பேன். நீ சொன்ன பொய்யையே நம்பினவ நான்."

"இப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சிர்க்கு. வெறும் மூச்சுதான். ஒரு வார்த்தை வந்ததில்ல. சத்தியமா."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அவன் பின்னால் வரவில்லை.

பாசிமேல் போட்டிருந்த நடைபலகைகள் வழுக்கின. பிசின் வாசனை, பனிக்காலத்துக்குப் பொருந்தாத அளவுக்கு அடர்த்தியாக, தொண்டையில் ஒட்டியது. பம்பின் ஒலி தேய்ந்தது. வேறு ஒலி இல்லை.

முதல் மரம். இரண்டாவது.

மூன்றாவதன் கிளையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆவி படிந்தது. கலைந்தது. படிந்தது.

விளக்கைத் தண்டின் பக்கம் திருப்பினாள்.

பட்டையில் முகம். கண்கள்மேல் பிசின் உறைந்திருந்தது. மூக்கிலிருந்து வெள்ளை ஆவி.

"தானெலி."

மூச்சு வேகமெடுத்தது.

வாய் தெரியவில்லை. அதன்மேல் குழாய்களை ஒட்டும் வெள்ளி டேப். ஒன்றின்மேல் ஒன்றாக, பல அடுக்கு. அடியில் இருந்தவை கறுத்திருந்தன. மேலே இருந்தது புதிது. அதன் முனை பிரிக்க வசதியாக மடிக்கப்பட்டிருந்தது. அவுலிஸ் அப்படித்தான் ஒட்டுவான்.

டேப் நடுவில் உப்பியது. அமுங்கியது. உப்பியது.