ஐந்தாவது அலமாரியின் ஜெட் விமானம்

காலை 9.10க்கு வீரபாகு பட்டறையை ஒட்டிய தன் காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தார். 9.11க்கு அவர் போட்ட கூச்சல் பட்டறை முழுக்கக் கேட்டது. ஐந்தாவது கண்ணாடி அலமாரி காலி. பூட்டு மட்டும் பூட்டியபடி பத்திரமாகத் தொங்கியது.

9.50க்கு சப்-இன்ஸ்பெக்டர் சாரதாமணி வந்து இறங்கினார். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் உடம்புக்கு ஆகாது என்கிற பிறவி அவர். வீரபாகு நாற்காலி போடச் சொல்வதற்குள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

வீரபாகு நாமக்கல்லில் நாற்பது ஆட்களை வைத்து லாரிக்கு பாடி கட்டுபவர். இளவட்டத்தில் பம்பாய்க்கு லோடு ஓட்டியபோது பிடித்த பித்து ஒன்று அவரை இன்னும் விடவில்லை. ஜெட் விமானம் புதிதாகப் பறக்கத் தொடங்கிய காலத்துச் சாமான் எதைக் கண்டாலும் வாங்கிவிடுவார். பயணிகளுக்குக் கொடுத்த தோள்பை, சாப்பாட்டு அட்டை, கைவிசிறி, பணிப்பெண்ணின் தொப்பி, இருக்கைக் கைப்பிடியில் பதித்த சாம்பல் கிண்ணம் என்று நாலு அலமாரி நிறைந்திருந்தது. ஐந்தாவதில் ஒன்றே ஒன்றுதான். டிக்கெட் ஆபீஸ் ஜன்னலில் ஆளை இழுக்க வைத்திருந்த, இரண்டடி நீள, நாலு என்ஜின் மாதிரி விமானம். வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அலமாரியும் விமான ஜன்னல் போலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அதனால் மூலை வளைந்த கண்ணாடிகளை, லாரியின் முன்கண்ணாடியைப் போல, ஓரத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் பீடிங் ரப்பருக்குள் பொருத்தியிருந்தார்கள். சாமானை எடுக்கப் பின்பக்கம் பூட்டு வைத்த சின்னக் கதவு. ஒரே சாவி, அது வீரபாகுவின் அரைஞாணில்.

சாவி வேறு யார் கைக்காவது போகுமா என்று சாரதாமணி கேட்டார்.

"சௌந்தர்யாகிட்ட மட்டுந்தானுங்க. சாயங்காலம் தூசி தட்ட வாங்கும், ஆறு மணிக்குக் குடுத்துரும். நேத்தும் அப்படித்தான். அப்புறம் கூடத்தைப் பூட்டற வேலையை மாப்பிள்ளைகிட்ட உட்டுட்டு நான் மோகனூருக்கு ஒரு விசேசத்துக்குப் போயிட்டனுங்க."

சாரதாமணிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரில் ஒரு படிவம் ஸ்டேஷனில் அவர் மேசை மேலேயே கிடந்தது. பெங்களூரு விமான நிலையத்தில் வேலை; திங்கட்கிழமை சேர வேண்டும்; போலீஸ் நன்னடத்தைச் சான்று இன்று மாலை ஐந்துக்குள் போக வேண்டும். திருட்டுப் புகாரில் பெயர் ஏறினால் எல்லாம் போச்சு.

சௌந்தர்யா சுவரோரம் நின்றிருந்தாள். நேற்று மாலை கேட் கேமராவில் தெரிந்த ஒரே பெரிய பை அவளுடையதுதான். மற்றபடி தினமும் போகிற ஆட்களும் வண்டிகளும்தான். அதனால் காலையிலேயே நாற்பது ஆட்களுக்கு முன்னால் அவள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டார்கள். டிபன் டப்பா, குடை, சீப்பு.

"நான் எடுக்கலீங்க மேடம். இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள்.

"சீக்கிரம் கேஸ் போடுங்க. அந்தப் புள்ள ஊரை உட்டுப் போற புள்ள" என்றார் பூபதி. வீரபாகுவின் மாப்பிள்ளை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பட்டறைக்கு லாரிக் கண்ணாடி மாட்ட வந்தவர். முதலாளி மகளைக் கட்டியபின் மேற்பார்வைக்கு உயர்ந்து, இப்போது கிரீஸ் டப்பாவைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்கிறார்.

10.40. மூன்றாவது சுற்றில் சாரதாமணியின் விரல் ஐந்தாவது அலமாரியின் ரப்பரில் நின்றது. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்தார். சோப்பு.

தண்ணீர் வைத்துத் துடைப்பாயா என்று கேட்டதற்கு, ஐயா சொட்டுத் தண்ணி விடமாட்டார், வெறும் துணிதான் என்றாள் சௌந்தர்யா.

சாரதாமணி மற்ற நாலு அலமாரிகளின் ரப்பரையும் தடவிப் பார்த்தார். நாலிலும் ரப்பரின் இரு முனைகள் சேரும் இடம் மேலே, மரச் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்தது. ஐந்தாவதில் மட்டும் கீழே, நட்ட நடுவில்.

அலமாரிகளைச் செய்த தச்சர் கந்தவேலைக் கூப்பிட்டார். பூட்டைத் தொடாமல் கண்ணாடியைக் கழற்ற முடியும் என்று கந்தவேல் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். ரப்பரின் உதட்டை நெம்பினால் கண்ணாடியும் ரப்பரும் கழன்று வந்துவிடும். திரும்ப மாட்ட, ரப்பரின் பள்ளத்தில் கயிற்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தால் போதும், உதடு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும்.

"அப்ப கந்தவேலும் அந்தப் புள்ளையும் கூட்டுங்க" என்றார் பூபதி. கந்தவேலின் முகம் செத்துப்போயிற்று.

சாரதாமணி கந்தவேலிடம் ஒரே கேள்வி கேட்டார். முனை சேரும் இடத்தை ஏன் மேலே வைத்தீர்கள்?

"கீழ வெச்சா பாக்கறவங்க கண்ணுல படுமுங்க. லாரிக்குத்தான் கீழ வெப்பாங்க, மழைத் தண்ணி உள்ள எறங்கக் கூடாதில்லீங்களா?"

12.15. சாரதாமணி எல்லோரையும் அலமாரி முன் நிறுத்தினார்.

"சௌந்தர்யா கையில தினமும் சாவி இருந்தது. சாவி இருக்கிறவ எதுக்குக் கண்ணாடியைக் கழட்டணும்? அவளை விட்டுருங்க. கந்தவேல் கழட்டியிருந்தா, பழையபடி மேலதான் சேர்த்திருப்பார். அவர் செஞ்ச அலமாரி அது. இதை மாட்டினவர் அவசரத்துல யோசிக்கலை, கை பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு. லாரிக் கண்ணாடி மாட்டிப் பழகின கை. எத்தனை வருஷம் வெள்ளைச் சட்டை போட்டாலும் அந்தப் பழக்கம் போகாது. நேத்துக் கூடத்தைப் பூட்டினது நீங்க, கேமராவுல வேற பெரிய பையும் இல்லை, அப்ப வண்டியிலதான் போயிருக்கணும். உங்க கார் டிக்கியைத் திறங்க, பூபதி."

டிக்கியில் கம்பளிக்குள் விமானம் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"விக்க எடுக்கலீங்க" என்றார் பூபதி. வீரபாகுவைப் பார்க்கவில்லை. "பன்னெண்டு வருசம் மாமா என்னைய ஒரு சாமானைத் தொட உட்டதில்லீங்க. நேத்து வந்த புள்ளைக்கு அரைஞாணை அவுத்துச் சாவி தாராரு. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க."

வீரபாகு விமானத்தை மறுபடி கம்பளியில் சுற்றினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் இது ஊட்டு விஷயம், வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வதாகவும் சொன்னார்.

சாரதாமணிக்குக் கோபம் பொங்கியது. காலையில் நாற்பது பேர் முன்னால் ஒரு பெண்ணின் பையைக் கொட்டிய மனுஷன், மாப்பிள்ளை என்றதும் ஊட்டு விஷயம் என்கிறார். புகார் சத்தமில்லாமல் மறைந்தால், பாவம் பார்த்து அவளை விட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். மாப்பிள்ளையை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம். சௌந்தர்யாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதை ஆட்கள் முன்னால் வாசியுங்கள் என்றார். சான்று இரண்டு மணிக்குள் போய்விடும் என்று சௌந்தர்யாவிடம் சொன்னார். 

1.05. நாற்பது பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார்கள். வீரபாகு காகிதத்தை நீட்டிப் பிடித்து வாசித்தார். அவள் பெயர் வந்த இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. வாசித்து முடித்து, காகிதத்தை மடித்தார்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றாள் சௌந்தர்யா. "இன்னொருக்கா படிங்க."

வீரபாகு மடித்த காகிதத்தைப் பிரித்தார். இந்த முறை கேட் வரைக்கும் கேட்டது.