சுவர் வாங்கிக்கொண்ட பிளேடுகள்

பிளேடு விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வழக்கமாகக் கேட்கும். குளியலறைச் சுவரில் பதித்த கண்ணாடி அலமாரியின் பின்தகட்டில், விரல் நீளத்துக்கு மெல்லிய பிளவு ஒன்று உண்டு. சவரம் முடித்துப் பழைய பிளேடை அதற்குள் சொருகினால், சுவரின் உள்ளே இருக்கும் இடைவெளியில் 'கிணிங்... கிணிங்' என்று இரண்டு தரம் மோதி, கீழே குவிந்து கிடக்கும் தன் கூட்டாளிகள் மேல் 'சிலிங்' என்று போய்ச் சேரும். அந்தக் காலத்து வீடுகளில் இப்படி ஓர் ஏற்பாடு. குப்பையில் போட்டால் யார் கையையாவது கிழிக்கும். சுவருக்குள் போட்டால் யார் கையைக் கிழிக்கப் போகிறது? "நூறு வருஷம் போட்டாலும் நிறையாது சார்," என்று வீட்டுக்காரர் குடிவந்த அன்றே பெருமையடித்துக்கொண்டார்.

இன்று கிணிங்கும் இல்லை, சிலிங்கும் இல்லை. விரல் நுனியை விட்டு அது போன விதமே சரியில்லை. விழவில்லை. யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

'எதிலாவது சிக்கியிருக்கும்' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அவன் கையிலிருந்த ரேஸரைத் திருகிப் பிரித்தான். மேல்மூடி, சீப்புப் பல் வைத்த அடித்தகடு, கைப்பிடி என்று மூன்று துண்டுகள். வயது நூறுக்கு மேல். பழைய ரேஸர்களைச் சுத்தம் செய்து, துருவெடுத்து, மறுபடி முகத்தில் ஓட வைப்பதுதான் அவன் பிழைப்பு. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, தேய்ந்துபோன பல் பிரஷ், கடைசியில் திருகுமரையில் துளி எண்ணெய். அவ்வளவுதான் மருந்து. வினிகரில் ஊறப்போட்டு முலாமையே உரித்துவிட்டு, பிறகு அவனிடம் ஓடி வந்து அழுதவர்கள் நிறையப் பேர்.

அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் கன்னத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் எந்த ரேஸரையும் சொந்தக்காரரிடம் திருப்பித் தரமாட்டான். ஒவ்வொரு சோதனைக்கும் புத்தம் புது பிளேடு. ஒரே ஒரு சவரம் கண்ட பிளேடு, இன்னும் பத்து சவரத்துக்குக் கூர்மை மிச்சமிருக்க, சுவருக்குள் போய்விடும். பதினொரு மாதமாக, நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுக்குத் திரும்பியவன் அப்படியே நின்றான்.

கதவில் குமிழ் இல்லை. குமிழ் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை மட்டும் அவனை வெறித்தது.

கழற்றியது வேறு யாரும் இல்லை, அவனேதான். ரேஸர்களின் வயதேயான அந்த நிக்கல் குமிழ் மங்கிப்போயிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், நேற்று அதன் கம்பியோடு சேர்த்து உருவி, வெளியே வேலை மேஜையில் எண்ணெய் பூசிக் காயவைத்திருந்தான். 'குமிழ் இல்லை, கதவைச் சாத்தாதே' என்று நூறு தரம் தனக்கே சொல்லியும் இருந்தான். ஆனால் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் கால் தன் பாட்டுக்குக் கதவை உதைத்துவிட்டது. ஆவி வெளியே போனால் மேஜை மேலிருக்கும் ரேஸர்கள் வேர்க்கும், வேர்த்தால் துரு பிடிக்கும். பதினொரு மாதப் பழக்கம், ஒரு நாள் சொல்புத்தியைக் கேட்குமா?

"என்னங்க!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவியின் குரல். "என் சக்களத்தியக் கொஞ்சி முடிச்சாச்சா இல்லையா?"

அவன் ரேஸர்களுக்கெல்லாம் அவள் வைத்த பெயர் அது.

"கதவு மாட்டிக்கிச்சும்மா. குமிழக் கழட்டி வெளிய வெச்சுட்டேன்."

சிரிப்பு வெடித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, கால் வலிக்குது! ஊரு ரேஸருக்கெல்லாம் உயிர் குடுக்கிற மகராசன், உள்ளயே மாட்டிக்கிட்டாராம்!"

மாடிப்படியில் உருண்டு, இடது காலில் தொடை வரை மாவுக்கட்டோடு அவள் படுத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டிலை இந்தச் சுவரோரமாக நகர்த்திப் போட்டதும் அவன்தான். குளியலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கட்டும் என்று.

"உன் போன் எங்க?"

"சமையல்கட்டுல சார்ஜ் போட்டு வெச்சீங்களே, அங்கதான். உங்களது?"

"மேஜை மேல."

"நல்ல குடும்பம் போங்க. தங்கச்சி ஒரு மணிக்கு வருவா, சாவி அவகிட்ட இருக்கு. இப்ப பத்தேகால். அதுவரைக்கும் நிம்மதியா குளிங்க. வந்ததும் அவ அத்தானக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவா."

அவனும் சிரித்தான். மூன்று மணி நேரம்தானே. ஜன்னல் கிடையாது, கூரையோரம் கையகலக் காற்றுத் துளை. அதையும் பக்கத்துக் கிடங்கின் மொட்டைச் சுவர் ஒட்டி நின்று அடைத்திருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. சவரச் சோப்பின் வாசனை. இரண்டுக்கும் அடியில் புதிதாக ஒன்று, நாக்கு நுனியில் தட்டுகிற இரும்பு வாசனை.

ரேஸரின் கைப்பிடியை அந்தச் சதுர ஓட்டையில் நுழைத்துத் திருகிப் பார்த்தான். பித்தளை லேசாகக் கடித்தது, அசைந்தது, பிறகு 'பட்'டென்று அடிக்குழலில் மயிரிழை விரிசல் விட்டது. நூறு வருடம் தாங்கிய பொருள் அவன் கையில் போயிற்று. சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் தலையில் கை வைத்தபோதுதான் அவள் கேட்டாள்.

"இன்னொரு தரம் ஷேவ் பண்றீங்களா என்ன?"

"இல்லையே. ஏன்?"

"சரக்கு சரக்குன்னு கேக்குதே. என் தலைமாட்டுலயே கேக்குது."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். குழாய் சொட்டுவது. தன் இதயம். அப்புறம், ஆமாம். அலமாரிக்குப் பின்னால், கீழே, இடுப்பு உயரத்தில்... சரக். சரக். சரக்.

அவனுக்குச் சவரத்தின் சத்தம் அத்துப்படி. நுரை போட்ட கன்னமா, வெறும் கன்னமா, பிளேடு புதிதா, மழுங்கியதா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். இது புது பிளேடு இல்லை. ஒரு தரம் பயன்படுத்தியது. ஆனால் அது ஓடுவது தோலின் மேல் இல்லை.

சுண்ணாம்பின் மேல்.

சரக். சரக். பிறகு 'டிக்' என்று ஒரு முறிவு. முறிந்தது கீழே விழுந்தது. குவியலுக்குள் எதுவோ துழாவியது. 'சிலிங்.' இன்னொன்றை எடுத்துக்கொண்டது. சரக். சரக்.

"எலிங்களா?" என்றாள் அவள்.

எலி பிளேடு பிடிக்காது. சுவருக்குள் இடைவெளி ஒரு சாண் அகலம்தான். ஒரு சாணுக்குள் எது நிற்க முடியும்? நிற்க முடிந்த ஒன்றுக்குத்தான் பதினொரு மாதமாக, நாள் தவறாமல், கூர் குறையாத பிளேடாகப் பார்த்துப் பார்த்துத் தானே கொடுத்துவந்திருக்கிறான். கேட்காமலே. ஒவ்வொன்றாக. எண்ணெய் போடாத குறை ஒன்றுதான்.

"இவளே, கட்டில்ல இருந்து இறங்கு."

"எதுக்கு?"

"இறங்குன்னு சொல்றேன்ல!"

"எப்படி இறங்குவேன்? கால மூணு தலகாணி மேல தூக்கி வெச்சது யாரு? நல்லா விளையாடுறீங்க." கொட்டாவி விட்டாள். பத்து மணி வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "இதப் பாருங்க, தலகாணி மேல சுண்ணாம்பு உதிருது. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லணும்..."

"தூங்காதே! பேசிக்கிட்டே இரு. கேக்குதா?"

"ம்."

என்ன சொல்வது? உன் தலைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒன்று சுவரைச் சவரம் செய்கிறது என்றா? அவன் கதவின் மேல் தோளால் மோதினான். அந்தக் காலத்து மரம். கதவு உட்பக்கம் திறக்கும் கதவு. மோதமோத அது இன்னும் கெட்டியாகச் சட்டத்தில் போய் உட்கார்ந்தது. கீல் திருகுகளில் புது பிளேடின் முனையைக் கொடுத்தான். பெயிண்ட் பூசி அடைந்த திருகு. பிளேடு முறிந்தது. இன்னொன்று. அதுவும். விரலில் ரத்தம் வழுக்கியது.

அப்போது மின்சாரம் போயிற்று.

இருட்டு. காலைப் பத்தரை மணிக்கு, கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. பக்கத்து அறையில் மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அது ஓய்ந்ததும் சுரண்டல் சத்தம் பெரிதாகிவிட்டது. வீடு முழுக்க அதுதான்.

சரக். சரக். சரக். சரக்.

அவன் முஷ்டியால் சுவரை இரண்டு தரம் குத்தினான். "நிறுத்து!"

நின்றது.

உள்ளேயிருந்து இரண்டு குத்து திரும்பி வந்தது. நிதானமாக. அவன் கை பட்ட அதே இடத்தில். அதே உயரத்தில்.

பிறகு மறுபடி சுரண்டல். இப்போது வேகமாக. அவன் பக்கமாக இல்லை. ஒரு தரம்கூட அவன் பக்கமாக இல்லை.

'டிக்.' 'சிலிங்.' சரக் சரக் சரக். 'டிக்.' 'சிலிங்.' குவியல் குறைவது காதுக்கே தெரிந்தது. 'டிக்.'

சிலிங் வரவில்லை.

தீர்ந்துவிட்டது. பிளேடு தீர்ந்துவிட்டது! அவன் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு முனகினான். அப்புறம் ஞாபகம் வந்தது.

காலையில் போட்டது. விழாதது.

சரக்...

ஒரே ஒரு நீண்ட இழுப்பு. மண்ணும் சுண்ணாம்பும் பொலபொலவென்று கொட்டுகிற சத்தம். அமைதி.

இருட்டில் அலமாரிக்குள் ஒரு கோடு தெரிந்தது. விரல் நீளம், மயிரிழை அகலம். வெளிச்சம். பதினொரு மாதமாகக் கும்மிருட்டாக இருந்த பிளவில் பகல் வெளிச்சம். அவள் அறையின் ஜன்னல் வெளிச்சம்.

பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவை முழுவதும் தள்ளிவிட்டு, தகட்டில் முகத்தைப் பதித்து, கண்ணைப் பிளவில் வைத்தான். சாய்வாகக் கீழே, எதிர்ச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஓர் ஆள் நுழையும் வாசல். விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதற்கப்பால் வெள்ளைத் தூள் படிந்த தலையணை. அவள் கூந்தல். மூடிய கண்கள்.

அவள் மேல் ஒரு நிழல் குனிந்தது.

"ம்ம்... வந்துட்டீங்களா?" தூக்கம் தோய்ந்த குரல். "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

அவன் அலறினான். அவள் பெயரைச் சொல்லி, தொண்டை கிழிய, தகட்டை இரண்டு கையாலும் அறைந்துகொண்டு அலறினான்.

"கத்தாதீங்க," என்று முணுமுணுத்தாள். "பக்கத்துலதானே இருக்கேன்."

கண் திறக்காமலே அவள் கை மேலே எழுந்தது. குனிந்திருந்த முகத்தைத் தொட்டது. பழக்கப்பட்ட கை; தினமும் அவன் சவரம் முடித்து வந்ததும் பரீட்சை வைக்கிற கை. தாடையில் தொடங்கிக் கன்னத்தின் மேல் மெல்ல ஏறியது.

"அட... இன்னிக்குத்தான் ஒழுங்கா மழிச்சிருக்கீங்க. வழுவழுன்னு..."

விரல்கள் மேலே போயின. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் தடங்கல் இல்லை. வழுக்கிக்கொண்டு போயின. கண்கள் இருக்க வேண்டிய இடத்திலும் தடங்கல் இல்லை. புருவம். நெற்றி. எல்லாம் ஒரே வழுவழுப்பு. ஒரே சமதளம்.

விரல்கள் நின்றன.

அவள் கண்ணைத் திறந்தாள்.