அழிக்காமல் வாங்கிய பெட்டி

டிவியை அணைத்த பிறகும் கலைச்செல்வியின் சிரிப்பு நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு முத்துமாரிக்குப் புதிதா என்ன? தாராவியின் வரிசைக் குடியிருப்பான இந்தச் சாலில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். ஆனால் சிரிப்பு சுவர்ப் பக்கமிருந்துதானே வரவேண்டும்? இது டிவிக்குக் கீழே, நேற்று வாங்கிய சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நேற்று வாங்கியதே தவிர, புதிது இல்லை. ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்டதை ஜமால் துடைத்துச் சரிபார்த்து விற்கிற பழசு. அதையும் படம் பார்க்கும் ஆசையில் அவள் வாங்கவில்லை என்பது சாலுக்கே தெரியும். கலைச்செல்வி வீட்டில் அப்படியொரு பெட்டி வந்திருந்தது. சாயங்காலமானால் அவள் புருஷன் செல்லப்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டுகிறானாம். அதைக் கேட்ட நாள்முதல் முத்துமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

"கலா வீட்டுல எத்தன ஜிபி?" ஜமால் கடையில் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எட்டு, அக்கா."

"எனக்குப் பதினாறு."

"படம் பாக்க எட்டே தாராளம். இந்தா, இது ஃபேன் சத்தம்கூடப் போடாது."

"பதினாறு இருக்கா, இல்லியா?"

ஒன்றே ஒன்று இருந்தது. மாட்டிக் காட்டினான். திரை முழுக்க யாரோ ஒரு பெண்ணின் படம். கண்ணாடி ஜன்னலில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பவள்போல.

"பழைய ஆளுக போட்டோ. உள்ளயும் வீடியோவாக் கெடக்கு. எல்லாத்தையும் அழிச்சித் தாறேன்."

"அழிக்கதாவது! அவளுக்கு வெறும் டப்பா, எனக்கு நெறஞ்ச டப்பா. அப்படியே கட்டுலே."

இப்போது நெறஞ்ச டப்பா சிரித்தது.

வெளியே மழை. தகரக் கூரையில் அது அடிக்கும் சத்தத்துக்கு அடியில், தோல் பட்டறையின் ஈர வாடையும் சந்தின் சாக்கடை வாடையும் கதவிடுக்கில் நுழைந்து மோட்டுவளை வரை ஏறிக்கொண்டிருந்த அந்த மங்கிய சாயங்காலத்தில், முத்துமாரி மெல்ல ரிமோட்டை அழுத்தினாள். திரையில் கலைச்செல்வியின் வீடு. அவர்கள் டிவி இருக்கும் உயரத்திலிருந்து அப்படியே தெரிந்தது. செல்லப்பாண்டி வடாபாவ் பன்னைப் பிய்த்து ஊட்ட, அவள் சிரித்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். முத்துமாரி எழுந்துபோய்க் கதவுக்குத் தாழ் போட்டாள்.

கொலுசு புதிதோ? தலையில் மல்லிகை வேறு. தன் புருஷன் இசக்கிதுரை பட்டறையிலிருந்து வந்தால் தின்பதும் தூங்குவதும்தான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் மூலையைக் கவனித்தாள். கலைச்செல்வி வீட்டு அலமாரி ஓரத்தில் ஒருத்தி நின்றாள். ஜமால் கடையில் பார்த்த அதே பெண். அந்த வீட்டில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அவர்களைப் பார்க்கவில்லை.

முத்துமாரியைப் பார்த்தாள்.

முத்துமாரியின் நாற்காலியை. கேஸ் அடுப்பை. கொடியில் காயும் இசக்கிதுரையின் சட்டையை. ஒவ்வொன்றாக, ஆசையாக.

அந்தப் பார்வை முத்துமாரிக்குத் தெரிந்த பார்வைதான். கலைச்செல்வி வீட்டு வாசலில் நின்று தானே பார்க்கும் பார்வை.

"என்னத்தப் பாக்கே?" என்றாள் முத்துமாரி. "இங்க என்ன இருக்கு? இதுவும் ஒரு வீடா? கலா இருக்க எடத்துல நான் இருக்கணும். எனக்கு இந்த வீடு வேண்டாம்."

திரையில் அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"வேண்டாமா?"

மழைச் சத்தம் நின்றது. வாடை நின்றது. ரிமோட் கையில் இல்லை.

கை இல்லை.

எதிரே தன் வீடு. டிவி உயரத்திலிருந்து. நாற்காலியில் தன் நைட்டியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டும் சத்தம். எழுந்துபோய்த் தாழை நீக்கினாள்.

இசக்கிதுரை நனைந்து நின்றான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஏட்டி, என்ன இன்னிக்குச் சிரிச்ச மூஞ்சி?"

"நம்ம வீடு எவ்வளவு நல்லாருக்கு! அதான்."

அவன் சிரித்தேவிட்டான். துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் டிவி பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அந்தப் பெட்டிய நாளைக்கு ஜமால்ட்ட கொண்டுபோங்க. உள்ள கெடக்க எல்லாத்தையும் அழிச்சிறச் சொல்லுங்க."

"சரி. அது யாரு போட்டோ, திரையில?"

கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, வாய் திறந்து, முத்துமாரி நின்றாள்.

"தெரியல," என்றபடி அவள் ரிமோட்டை எடுத்தாள்.