இருநூறு கோடி ஆண்டுச் செருப்பு

கல் செய்ய இப்போதெல்லாம் பத்து நாள் போதும். ஆறு மணலை அடித்துக்கொண்டு வர வேண்டும், கனத்த மணி அடியிலும் நுண்ணிய வண்டல் மேலுமாகப் படிய வேண்டும், மேலே மேலே ஏறும் பாரம் அமுக்க வேண்டும், இடுக்கில் ஊறும் நீரின் தாது மணிகளை ஒட்ட வேண்டும் என்று யுகக்கணக்கில் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. படிவக்கலன் என்ற நீளத் தொட்டியில் மணலோ சிப்பியோ போட்டுத் தண்ணீர் விட்டு மூடினால் ஆயிற்று. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு வெண்ணாவல் நகரத்துப் பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள்? போலிப் பழங்கல் செய்தார்கள். வேறென்ன செய்வார்கள், மகராசன்கள்!

அதற்குக் காரணம் தொன்மைக் காப்புச் சட்டம். மனிதத் தடமுள்ள பழங்கல் எங்கே படிந்ததோ, அங்கிருந்து அரைக் கிலோமீட்டருக்கு ஒருவரும் குடியிருக்கக் கூடாது. போன வருடம் நகரத் தலைவர் தண்டாயுதம் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். சிப்பி ஓடுகள் இறுகிய சுண்ணாம்புக்கல், நடுவே ஒரு பானைச் சில்லு. கல் வகைப்பாட்டு அலுவலர் குழல்வாய்மொழி ‘உயிர்ப்படிவு’ என்று வகை எழுதி, படிந்த இடம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். ‘சிப்பிக்கரை வடக்கு’ என்று அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். உப்பளத் தொழிலாளர் வீடு நூற்று நாற்பது ஒரே வாரத்தில் தரைமட்டம். அந்த இடத்தில் தலைவருடைய மைத்துனரின் சொகுசு விடுதி எழும்பியது. விடுதியில் தங்குவது குடியிருப்பு ஆகாதாம். தன் கையெழுத்தை நினைத்தாலே அவளுக்கு இன்றும் சோறு இறங்காது.

இப்போது தலைவரின் உதவியாளர் பரிபூரணம் அடுத்த கல்லைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“சிப்பிக்கரைத் தெக்குப் பக்கம் இன்னும் இருநூறு வீடு கெடக்கு மேடம். அகவைமானியில வச்சுப் பாருங்க, இருநூறு கோடி வருசம் காட்டுது!”

காட்டாதா பின்னே? அகவைமானி அளப்பது மணியின் வயதை. மணல் மணி ஒவ்வொன்றும் என்றோ உடைந்த மலையின் துணுக்கு. அது ஒட்டிக் கல்லானது போன வாரமாக இருந்தாலும் கருவி மலையின் வயதைத்தான் சொல்லும். தாத்தாவின் வயதைக் காட்டிப் பேரன் முதியோர் உதவித்தொகை கேட்பது மாதிரி. இந்த வித்தியாசம் தெரியாத மண்டைகள்தான் ஊரை ஆள்கின்றன.

கல்லின் மேல்முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிந்திருந்தது வலது கால் செருப்பு. வரி வரியான அடி, வெளிப்பக்கம் தேய்ந்த குதிகால். அப்படிச் சாய்த்து மிதிக்கிற ஆள் அந்த ஊரில் ஒருவர்தான்.

“செருப்புத் தடம்லா இது?”

“மூடியத் தொறந்தப்போதான் பாத்தோம். பூசை போட்டு, மூடுறதுக்கு முன்னால அய்யா ராசிக்கு வலது கால எடுத்து வச்சு மிதிச்சாக. நாங்க எல்லாரும் செருப்பக் கழத்திட்டோம். அய்யா எதுக்குக் கழத்தணும்? எப்படியும் சட்டம் மனுசத் தடம் கேக்குது, நல்லதாப் போச்சு.”

“இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லுதிய?”

“நீங்க நம்ம ஆளுல்லா மேடம்!”

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தான் மறுத்தால் பக்கத்து அறை அலுவலன் கையெழுத்துப் போட்டுவிடுவான், இருநூறு வீடும் போகும் என்பதும் தெரிந்தது. கல்லைத் திருப்பிப் பார்ப்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

“கலன எங்க வச்சிருந்திய?”

“அய்யா பங்களாப் பின்தோட்டத்துல. வெளிய வச்சா நாலு பேரு பாப்பான்.”

குழல்வாய்மொழி அவர் எதிரிலேயே சான்றிதழை நிரப்பினாள். வகை: சிதைவுப்படிவு. பெயர்: நடுத்தர மணி மணற்கல். மணிகளின் வயது: இருநூறு கோடி ஆண்டு. தடம்: வலது கால், செருப்பு. படிந்த இடம்: நகரத் தலைவர் பங்களா, பின்தோட்டம். ஒரு கட்டத்தில்கூடப் பொய் இல்லை. முத்திரை வைத்துத் தலைநகரக் கணினிக்கு நேரே அனுப்பிவிட்டுப் பிரதியை நீட்டினாள். பரிபூரணம் இருநூறு கோடி என்ற வரியை மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி போனார்.

மூன்றாம் நாள் பங்களா வாசலில் பந்தல், ஒலிபெருக்கி, தொலைக்காட்சிக் கேமராக்கள். கல்லுக்கு ரோஜா மாலை, சந்தனம், குங்குமம். அலுவலர் என்ற முறையில் குழல்வாய்மொழிக்கு முன்வரிசையில் இடம்.

“உலகமே வெறுங்காலோட திரிஞ்ச காலத்துல, ஏன், காலே இல்லாத காலத்துல, நம்மாளு செருப்புப் போட்டு நடந்திருக்கான்!” என்று முழங்கினார் தண்டாயுதம். இருநூறு கோடி ஆண்டுக்கு முன் மீன்கூடக் கிடையாது என்று சொல்ல ஒரு நாதி இல்லை. படித்தவன், படிக்காதவன் எல்லோரும் கை வலிக்கத் தட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

அப்போதுதான் எல்லைப்பறவை வந்தது. சான்றிதழில் எழுதிய இடத்தைத் தேடிவந்து கோடு போடும் பறக்கும் பொறி அது. பங்களாவைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குத் தரையில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு, வாசல்மேல் நின்று, ‘ஏழு நாளில் காலி செய்க’ என்று இனிமையான குரலில் மும்முறை சொன்னது. கோட்டுக்குள் இருந்தவை பங்களா, அவருடைய மாந்தோப்பு, நீச்சல் குளம்.

“ஏய், நிறுத்துங்கலே! இது பழங்கல்லு இல்ல, பத்து நாளு...” என்று ஆரம்பித்த தண்டாயுதம் கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் மைக்கைக் கையால் பொத்தினார்.

“சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் குழல்வாய்மொழி, எல்லாக் கேமராக்களுக்கும் கேட்கும்படி. “அப்படியே சிப்பிக்கரை வடக்குக் கல்லு எத்தன நாளுன்னும் சேத்துச் சொல்லிருங்க.”

அவர் முன்வரிசையில் இருந்த மைத்துனரைப் பார்த்தார், மாலை போட்ட கல்லைப் பார்த்தார். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

“நம்ம பாட்டன் பூட்டன் தடத்துக்கு முன்னால செருப்போட நிக்காரே! கழத்தச் சொல்லுங்கய்யா!”

“கழத்து! கழத்து!” என்றது மொத்தப் பந்தலும்.

தண்டாயுதம் வலது செருப்பை முதலில் கழற்றினார். பிறகு இடது. வெறுங்காலோடு கல்லின் முன்னால் போய் நின்று, தன் செருப்புத் தடத்தைத் தானே கும்பிட்டார்.