கண்டாவளையில் ஒரு சிவப்புக் கட்டம்

செய்மதிப் படத்தில் அந்தச் சிவப்புக் கட்டம் யோகலிங்கத்தின் வளவில் விழுந்திருந்தது. அங்கே எரிவதற்கு ஒரு சருகுகூட இல்லை என்பது கிருசாந்திக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய வீடு இருக்கும் ஒழுங்கைதான் அது. காலையில் அந்தப் படலையைத் தாண்டித்தான் ஸ்கூட்டியில் வேலைக்கு வந்தாள்.

கிளிநொச்சியில் அனர்த்தங்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் இதுதான் அவளுடைய பிழைப்பு. மாரியில் வெள்ளமும் புயலும், சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் காட்டுத்தீ. மதியம் திரும்பிய கையோடு ஒரு செய்மதி வன்னிக்கு மேலால் போகும். தரையிலிருந்து எங்கே சூடு மிஞ்சி எழும்புகிறதோ, அந்த இடத்தை ஒரு சிவப்புக் கட்டமாகக் காட்டும். அவள் உடனே அந்த ஊருக்குப் போன் அடித்து விசாரிப்பாள்.

"தகரக் கூரை கொதிச்சிருக்கும் அக்கா," என்றான் பக்கத்துக் கதிரையில் இருந்த நிரோஜன்.

"உன்ர மண்டைதான் கொதிச்சிருக்கு. நேற்று இது குளக்கட்டில நிண்டது. குளக்கட்டுக்கு ஆர் கூரை போட்டது?"

அதற்கு முதல் நாள் அந்தக் கட்டம் குளத்துக்கு அங்கால் காட்டுக்குள் நின்றது. நாளுக்கு ஒரு கட்டமாக, ஒழுங்கை வழியே நடந்து வருவது போல வந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரமும் வெயில் இறங்கவில்லை. காய்ந்த மாட்டுச் சாணமும் சூடேறிய தாரும் சோளகம் அள்ளி வந்த புழுதியும் மூக்கை அடைக்க, சட்டை முதுகோடு ஒட்ட, எங்காவது புகை மணக்கிறதா என்று மோந்துகொண்டே ஸ்கூட்டியை உருட்டி வந்தவள், யோகலிங்கத்தின் படலையடியில் நின்றாள். உள்ளே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. முற்றத்து நடுவில், உச்சி காயும் வெயிலுக்குள், யோகலிங்கமும் மனைவியும் கழுத்து வரைக்கும் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். இருவருக்கும் பல் அடித்தது.

"என்னண்ணை, காய்ச்சலோ?"

"குசினிக்குள்ள போய்ப் பார் பிள்ளை," என்றார் அவர். "அடுப்பு எரியுது. சுடேல்லை."

அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. விறகு வெடித்தது, சாம்பல் உதிர்ந்தது. மேலே இருந்த உலைத் தண்ணீரைத் தொட்டாள். கிணற்றில் அப்போதுதான் அள்ளியது மாதிரி இருந்தது. பேய் பிசாசு என்று யாராவது கதைத்தாலே அவளுக்குக் கெட்ட கோபம் வரும். அந்தக் கோபத்திலேயே கையைச் சுவாலைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. வெறும் வெளிச்சம்.

அம்புலன்சுக்கு அடித்து இருவரையும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். காய்ச்சல் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். எத்தனை போர்வை போட்டும் உடம்பு சூடு மட்டும் ஏறவில்லையாம்.

அடுத்த நாள் கட்டம் யோகலிங்கத்துக்குப் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அன்ரியின் கூரையில் நின்றது. கிருசாந்தி அவருக்குப் போன் அடித்தாள்.

"வெயிலுக்குள்ள இருக்கிறன் பிள்ளை," பற்களுக்கிடையில் குரல் உதறியது. "வெயில் சுடுதில்லை. ஏன் சுடுதில்லை?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அங்கே எதுவும் எரியவில்லை. அங்கிருந்த சூட்டை ஏதோ உறிஞ்சி மேலே எடுக்கிறது. போகிற சூட்டைத்தான் செய்மதி பார்க்கிறது. ஒழுங்கையில் அடுத்தது, நாளைக்கு, அவளுடைய வீடு. வீட்டில், இரண்டு வருடமாகக் கால் வழங்காமல் கட்டிலில் கிடக்கும் அப்பா.

"வெளிக்கிடுங்கோ அப்பா. கிளிநொச்சியில ரூம் எடுப்பம்."

ஆண்டியப்பன் மகளை மேலும் கீழும் பார்த்தார். "என்னாத்துக்கு? மலையில தேயிலைத் தோட்டத்துல இருந்து அடிச்சு வெரட்டினாங்க, இங்க வந்தோம். ஷெல்லடிச்சு வெரட்டினாங்க, ஓடித் திரும்பி வந்தோம். இப்ப குளிரு வந்து வெரட்டுதாக்கும்? கம்பளிக்குள்ள பொறந்தவன் புள்ள நானு. அந்தப் பெட்டியத் தொற."

கிழவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. அதே பிடிவாதம் அவளுக்குள்ளும் இருந்தது. காடு வெட்டிக் கட்டிய வீடு. இரண்டு தரம் இடிந்து, இரண்டு தரமும் இதே கையால் கல் சுமந்து கட்டிய வீடு. எங்கிருந்தோ வந்த ஒன்றுக்கு இதை விட்டுக்கொடுக்க அவளுக்கென்ன விசரா?

"தின்ன வருகுதெல்லோ? வரட்டும். எவ்வளவு தின்னுமெண்டு பாப்பம்."

மறுநாள் லீவு போட்டாள். பாலை விறகு, பனை மட்டை, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் வீட்டு நடுவில் குவித்தாள். அப்பாவைக் கதிரையில் இருத்தி, பெட்டிக்குள் கிடந்த, தோட்டத்திலிருந்து வந்த பழைய கம்பளியைச் சுற்றினாள். பாச்சை உருண்டை மணத்தது. மதியம் திரும்பியதும் நெருப்பு வைத்தாள். ஆள் உயரத்துக்கு எழும்பியது. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. அவள் சிரித்தாள்.

வெளியே காற்று நின்றது.

கோழிகள் அடங்கின.

முதுகில் வியர்வை குளிர்ந்தது. பிறகு காய்ந்தது. அப்பாவின் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போனது. ஆவணி மாதத்தில்.

"தோட்டத்துப் பனி மாதிரியே இருக்கு," என்றார். சிரிக்கப் பார்த்தார். தாடை அடித்தது.

"வா!" கூரையைப் பார்த்துக் கத்தினாள் கிருசாந்தி. "வந்து தின்! இன்னும் கிடக்கு!"

விறகைப் போட்டாள். மட்டையைப் போட்டாள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. அலுமாரிக் கதவைப் பிடுங்கிப் போட்டாள். நெருப்பு முகட்டைத் தொட்டது.

போன் அடித்தது. நிரோஜன்.

"அக்கா, படம் வந்திட்டுது. ஒரு கட்டமில்லை, உங்கட வீட்டைச் சுத்தி முழுக்கச் சிவப்பு! றோட்டில நிக்கிற ஆக்கள் போன் எடுத்துச் சொல்லுகினம், வீடு எரியுதாம். வெளியில வாங்கோ அக்கா!"

"எரியேல்லையடா. குளிருது."

நிமிர்ந்து பார்த்தாள். கூரை வளை எரிந்தது. கதவு நிலை எரிந்தது. போனைப் பிடித்திருந்த விரல்கள் நுனியிலிருந்து கறுத்திருந்தன. வலி இல்லை. சூடே இல்லை.

அப்பாவின் தோளில் கம்பளி சுவாலைவிட்டு எரிந்தது. தலைமயிர் எரிந்தது. நெருப்புக்குள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவர் வெடவெடவென்று நடுங்கினார்.

"பத்தல புள்ள," என்றார். "இன்னுங் கொஞ்சம் போடு."

"போடுறன் அப்பா," என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த கையால் அவள் அடுத்த கதிரையை இழுத்தாள்.